ஏன் அந்த உப்பு?

(கல்லூரி ஒன்றின் உயிர்வேதியியல் மன்றத் தொடக்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உமிழ்நீர் அமைலேஸ் பரிசோதனையை இங்கே இருக்கும் இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்காரர்கள் எல்லாரும் செய்திருப்பீர்கள். மாவுச்சத்துக் கரைசல், பிஎச் 6.8-இல் பாஸ்பேட் பஃபர், கொஞ்சம் சோடியம் குளோரைடு கரைசல், நீர்த்த உமிழ்நீர். 37 டிகிரி வாட்டர் பாத்தில் வைத்துவிட்டு, நிமிடத்துக்கு ஒரு சொட்டாக எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் அயோடினோடு சேர்த்துப் பார்க்கிறோம். நீலம் ஊதாவாகும், பிறகு செம்பழுப்பாகும், கடைசியில் அயோடினின் சொந்த மஞ்சள் மட்டும் மிஞ்சும். செய்முறைத் தேர்வுக்குப் போகிற இடங்களில் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதில் உப்பு எதற்கு?" பெரும்பாலும் வரும் பதில்: "ப்ரொசீஜர்ல போட்டிருக்கு மேடம்."

அந்தப் பதிலுக்காக நான் மாணவர்களைக் குறை சொல்வதில்லை. அந்தக் கேள்வியை அவர்களிடம் வகுப்பில் யாரும் கேட்டதில்லை என்பதுதான் அந்தப் பதிலுக்குப் பொருள். மனித அமைலேஸின் மூலக்கூறில், வினை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு குளோரைடு அயனி வந்து அமர இடம் இருக்கிறது. அது அமர்ந்தால்தான் நொதி முழு வேகத்தில் வேலை செய்யும். இதைப் புத்தகத்தில் படித்து நம்ப வேண்டியதில்லை. உமிழ்நீரை டயாலிசிஸ் குழாயில் கட்டி, குளிர்பெட்டியில் வாலைவடிநீரில் இரவு முழுக்க வையுங்கள். நீரை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். மறுநாள் இரண்டு குழாய்களில், ஒன்றில் உப்போடும் மற்றதில் உப்பில்லாமலும், அதே பரிசோதனையைச் செய்து பாருங்கள். உப்பில்லாத குழாயில் நீலம் போகாமல் நிற்கும். முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த அமைலேஸை வைத்துச் செய்தால் இந்த வித்தியாசம் வராது. தாவர நொதிக்குக் குளோரைடு வேண்டாம். கையேட்டில் ஒரே ஒரு வரி. அதற்குள் ஒரு புரதத்தின் அமைப்பு இருக்கிறது, விலங்குக்கும் தாவரத்துக்குமான ஒரு வேறுபாடும் இருக்கிறது.

இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றைத்தான். இளங்கலையில் ஆய்வக முறைகளைக் கற்பது என்றால் இருபது பரிசோதனைகளைச் செய்து ரெக்கார்டு எழுதிக் கையெழுத்து வாங்குவது அல்ல. ஒரு முறையின் ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்லத் தெரிவதும், வரக்கூடாத ரீடிங் வந்தால் அதை அழிக்காமல் அதன் பின்னால் போகத் தெரிவதும்தான் அந்தக் கல்வி. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

எடுத்துக்காட்டாக, மைக்கேலிஸ்–மென்டன் சமன்பாட்டை நாம் எல்லாரும் மனப்பாடம் செய்கிறோம். 1913-இல் பெர்லினில் லியோனோர் மைக்கேலிஸும் மாட் மென்டனும் செய்த பரிசோதனையைப் பற்றி வகுப்பில் அநேகமாகப் பேசுவதே இல்லை. மென்டன் கனடாவில் மருத்துவம் படித்துவிட்டு, ஆராய்ச்சி செய்வதற்காகவே கடல் கடந்து போன பெண். அவர்கள் எடுத்துக்கொண்டது இன்வர்டேஸ் நொதி. அது சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிக்கிறது. வினை எவ்வளவு நடந்திருக்கிறது என்பதை போலாரிமீட்டரில், ஒளித்தளம் எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்துச் சொல்லலாம். சுக்ரோஸ் வலப்பக்கம் திருப்பும். பிரிந்த கலவை இடப்பக்கம் திருப்பும்.

அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே விக்டர் ஆன்ரி என்பவர் இதே நொதியை வைத்து ஏறக்குறைய இதே கருத்துக்கு வந்திருந்தார். ஆனால் அவருடைய அளவீடுகளில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்று, பிஎச்சைக் கட்டுப்படுத்தவில்லை. பிஎச் என்ற அளவையே சோரன்சன் கோபன்ஹேகனில் 1909-இல்தான் தந்தார். இன்னொன்று நுட்பமானது. சுக்ரோஸ் உடையும்போது வெளியே வரும் குளுக்கோஸ் ஆல்ஃபா வடிவத்தில் இருக்கும். அதன் ஒளிச்சுழற்சி +112 டிகிரி. அது மெல்ல மெல்ல மாறி +52.7-இல் நிலைபெறும். இந்த மாற்றம் முடிவதற்குள் ரீடிங் எடுத்தால், வினை உண்மையில் நடந்ததைவிடக் குறைவாக நடந்ததுபோல் காட்டும். மைக்கேலிஸும் மென்டனும் என்ன செய்தார்கள்? குறித்த நேரத்தில் மாதிரியை எடுத்துக் காரத்தில் சேர்த்தார்கள். காரம் நொதியின் வேலையை அந்த நொடியே நிறுத்தியது. குளுக்கோஸின் அந்த மாற்றத்தையும் விரைவாக முடித்துவைத்தது. ஒரே சொட்டில் இரண்டு வேலை. இன்று அவர்கள் பெயர் எல்லாப் புத்தகத்திலும் நிற்பதில் அசிடேட் பஃபருக்கும் அந்தக் காரத்துக்கும் பெரிய பங்கு இருக்கிறது. சமன்பாடு வகுப்பறைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதைத் தாங்கிய கைவேலை வரவில்லை.

இனி நான் அதிக நேரம் எடுத்துப் பேச விரும்பும் பரிசோதனைக்கு வருகிறேன். சீரம் பாஸ்பரஸ், ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை. தமிழ்நாட்டில் உயிர்வேதியியல் படித்த யாரும் இதைச் செய்யாமல் வெளியே வந்திருக்க முடியாது. டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தால் புரதத்தை வீழ்படிவாக்கி, வடிகட்டி, தெளிந்த நீரில் அமில அம்மோனியம் மாலிப்டேட்டைச் சேர்க்கிறோம். பாஸ்பேட்டோடு அது சேர்ந்து பாஸ்போமாலிப்டேட் ஆகிறது. பிறகு ஏ.என்.எஸ்.ஏ. அதை ஒடுக்கி நீலமாக்குகிறது. கலோரிமீட்டரில் 660 நானோமீட்டரில் பார்க்கிறோம்.

இதில் சுப்பாராவ் என்பவர் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. எல்லாப்ரகடா சுப்பாராவ் 1895-இல் பீமாவரத்தில் பிறந்தவர். மெட்ராஸில் மாநிலக் கல்லூரியிலும், பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். 1920-களில் அமெரிக்காவுக்குப் போய், ஹார்வர்டில் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்தார். அந்தத் துறைக்குத் தலைவர் ஆட்டோ ஃபோலின். இரத்தச் சர்க்கரைக்கு ஃபோலின்–வூ, புரதத்துக்கு ஃபோலின் ரீஏஜென்ட் என்று நம் ரெக்கார்டு நோட்டில் பாதிப் பக்கங்களில் வரும் அதே ஃபோலின். இருவரும் பாஸ்பரஸ் முறையை 1925-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பு ஹைட்ரோகுயினோனை வைத்துச் செய்துகொண்டிருந்தார்கள், ஏ.என்.எஸ்.ஏ. வந்த பிறகு நிறம் சில நிமிடங்களில் முழுதாக எழுந்தது. அன்று நம்மிடம் இருப்பதுபோல் ஒளிமின் கலோரிமீட்டர் இல்லை. ஸ்டாண்டர்டையும் மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு நீலமும் ஒன்றாகத் தெரியும்வரை கண்ணால் ஒப்பிட்டு அளந்தார்கள்.

முறை இரத்தத்தில் ஒழுங்காக வேலை செய்தது. பிறகு அதைத் தசைக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் ஒரு தொல்லை. தசையிலிருந்து எடுத்த வடிநீரில் நீலம் எழ வேண்டிய வேகத்தில் எழவில்லை. ஸ்டாண்டர்ட் குழாய் சில நிமிடங்களில் நிலைபெற்றுவிடுகிறது; தசைக் குழாயோ அதற்குப் பின்னும் ஏறிக்கொண்டே போகிறது.

இந்த இடத்தில் நம் ஆய்வகத்தில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். "அரை மணி நேரம் கழித்துப் பார், வந்துவிடும்" என்போம். அரை மணி கழித்து ஒரு ரீடிங் வரும், அதை எழுதுவோம், கணக்கு முடியும். அன்று மற்ற ஆய்வாளர்கள் பலரும் தசையில் கனிம பாஸ்பேட் ஏராளமாக இருப்பதாகவே எழுதியிருந்தார்கள். அந்த எண் யாருக்கும் உறுத்தவில்லை.

ஃபிஸ்கேயும் சுப்பாராவும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிறம் ஏறுவதை அளந்தார்கள். தனியாக இருக்கும் பாஸ்பேட் உடனே நீலம் தரும். தாமதமாக வரும் நீலம், வேறு எதிலோ கட்டுண்டிருந்து, மாலிப்டேட் அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுபடும் பாஸ்பேட்டிலிருந்து வருவதாக இருக்க வேண்டும். ரீடிங்குகளை நேரத்துக்கு எதிராக வரைந்து கோட்டைப் பின்னோக்கி இழுத்தால், நேரம் பூஜ்யத்தில் எவ்வளவு பாஸ்பேட் உண்மையாகவே தனியாக இருந்தது என்று தெரியும். அது, எல்லாரும் நம்பிக்கொண்டிருந்ததைவிட மிகவும் குறைவு. மீதி, கிரியேட்டினோடு கட்டுண்ட பாஸ்பேட். 1927-இல் அதை வெளியிட்டார்கள். அதுதான் பாஸ்போகிரியேட்டின். அதே ஆண்டு லண்டனில் எகிள்டன் தம்பதியரும் தனியாக அதே பொருளைத் தொட்டிருந்தார்கள். தசை வேலை செய்யும்போது இந்தப் பொருள் குறைகிறது, ஓய்வில் மீண்டும் சேர்கிறது. தசைச் சுருக்கத்துக்கு லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று நின்றிருந்த கொள்கை ஆட்டம் கண்டது இதற்குப் பிறகுதான். 1929-இல் ஏ.டி.பி.யையும் தசையிலிருந்து இவர்கள் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டில் அதைக் கண்டார்.

சுப்பாராவ் பிறகு லெடர்லி நிறுவனத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றதும், அவர் குழு தந்த அமினோப்டெரினைக் கொண்டு சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை தந்ததும் தனியாகப் பேச வேண்டிய பெரிய கதை. 1948-இல் சுப்பாராவ் மறைந்தார். எனக்கு அந்தப் பெரிய சாதனைகளைவிட, அந்தத் தாமதமான நீலத்தை அவர் விட்டுவிடாததுதான் அதிகம் பிடித்திருக்கிறது. அந்தப் பரிசோதனையை அவர் பெயரோடு சொல்லிக்கொண்டு, பத்தாவது நிமிடத்தில் ஒரே ஒரு ரீடிங்கை எடுத்துவிட்டுக் குழாயைக் கழுவிவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

அந்தப் பத்தாவது நிமிடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாற்பது பேருக்கு ஒரு கலோரிமீட்டர் இருக்கிற வகுப்பில் வரிசை நிற்கிறது. முதலில் நிற்பவர் எட்டாவது நிமிடத்தில் பார்க்கிறார். கடைசியில் நிற்பவர் முக்கால் மணி கழித்துப் பார்க்கிறார். பிறகு "உனக்கு எவ்வளவு வந்தது?" என்று ஒருவரை ஒருவர் கேட்டு ரீடிங்கைச் சரிசெய்துகொள்கிறார்கள். இதைச் சரிசெய்ய விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஏ.என்.எஸ்.ஏ.வைக் குழாய்க்குக் குழாய் முப்பது விநாடி இடைவெளி விட்டுச் சேர்க்கட்டும்; அதே வரிசையில், அதே இடைவெளியில் ரீடிங் எடுக்கட்டும். குழுக்கள் தொடங்கும் நேரத்தையும் அதற்கேற்பத் தள்ளிவையுங்கள். எல்லாக் குழாயும் ஒரே வயதில் கருவிக்குள் போகும். இதைக் கற்றுக்கொண்ட மாணவி பிறகு எந்த நொதிப் பரிசோதனைக்குப் போனாலும் நேரத்தைத் தன் கையில் வைத்திருப்பாள்.

பிளாங்க் குழாயைப் பற்றி. அதைப் பூஜ்யம் வைக்கத்தான் பயன்படுத்துகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். பாஸ்பரஸ் பரிசோதனையில் பிளாங்க்கே நீலமாக நிற்கும் நாள் வரும். கருவியில் குமிழைத் திருகிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு மேலே போய்விடுவது சுலபம். ஆனால் அந்த நீலம் எங்கிருந்து வந்தது? குழாய்களைக் கழுவிய சோப்புத்தூளில் பாஸ்பேட் இருக்கலாம். வாலைவடிநீர்க் கேன் பழையதாக இருக்கலாம். ரீஏஜென்ட் கெட்டிருக்கலாம். ஒரு குழாயில் புது வாலைவடிநீர், இன்னொன்று நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அலசிய புதுக் குழாய், மூன்றாவதில் புது ரீஏஜென்ட் என்று பிரித்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் குற்றவாளி அகப்படும். அந்த ஒரு மணி நேரம் பாடத்திட்டத்தில் இல்லை என்கிறார்கள். என் கணக்கில் அந்த வாரத்தின் பாடமே அதுதான்.

சீரம் மாதிரியும் அப்படியே. இரத்தம் எடுத்ததும் பிரிக்காமல் விட்டாலோ, சிவப்பணுக்கள் உடைந்து சீரம் சிவந்துவிட்டாலோ, அணுக்களுக்குள் இருந்த பாஸ்பேட் வெளியே வந்து எண்ணை உயர்த்தும். பெரியவர்களுக்கு டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் இருக்க வேண்டியது ஏழு என்று வந்தால், நோயாளிக்குச் சிறுநீரகக் கோளாறா, சீரத்தில் கோளாறா? இங்கிருந்து மருத்துவமனை ஆய்வகங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பலர். அங்கே எல்லாம் கிட், எல்லாம் தானியங்கிக் கருவி. பொத்தானை அழுத்தினால் எண் வரும். அந்த எண்ணைச் சந்தேகிக்கத் தெரிந்த ஆளைத்தான் நாம் இங்கிருந்து அனுப்ப வேண்டும்.

லோரி முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1951-இல் வந்த அந்தக் கட்டுரைதான் அறிவியல் உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டது. மூன்று லட்சம் முறைக்கும் மேல். புரதத்தை அளக்கும் ஒரு முறை, அவ்வளவுதான். அதில் ஃபோலின் ரீஏஜென்ட்டைச் சேர்த்ததும் அந்தக் குழாயை உடனே கலக்க வேண்டும் என்று இருக்கும். அந்த ரீஏஜென்ட் அமிலத்தில்தான் நிலையாக இருக்கும். காரத்தில் விழுந்த சில விநாடிகளில் சிதைந்துபோகும். அதற்குள் புரதத்தைச் சந்தித்தாக வேண்டும். பத்துக் குழாயிலும் வரிசையாக ஊற்றிவிட்டு, பிறகு வரிசையாகக் குலுக்கினால் ஸ்டாண்டர்ட் கோடு நேராக வராது. கோடு வளைந்தால் மாணவர் ஸ்கேலை வைத்து நேராக்குகிறார். காரணம் தெரிந்தவருக்கு அந்த வளைவே போதும், தன் கை எங்கே தாமதித்தது என்று கண்டுபிடிக்க.

டிரிஸ் பஃபரும் இப்படி ஆளை ஏமாற்றும். அறை வெப்பத்தில், 25 டிகிரியில், பிஎச் 8.0 என்று சரிசெய்து வைத்துவிட்டு, குளிரறைக்குக் கொண்டுபோய் 4 டிகிரியில் நொதியைப் பிரித்தால், அங்கே அதன் பிஎச் ஏறக்குறைய 8.6. ஒரு டிகிரி குறைந்தால் சுமார் 0.03 ஏறும். பாட்டிலின் லேபிளில் வெப்பநிலையையும் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். செய்முறைத் தேர்வில் 'அன்நோன்' கொடுக்கிறோம். விடை உண்மையான மதிப்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு மதிப்பெண். இரண்டு சதவீதத்துக்குள் என்றால் முழு மதிப்பெண், பத்தைத் தாண்டினால் குறைவு. இந்த முறையில் நேர்மையான மாணவர் தோற்கிறார். பியூரெட்டில் மூன்று டைட்டர் மதிப்பும் ஒன்றாக வர வேண்டும் என்பதற்காக, முதல் மதிப்பையே மூன்று முறை எழுதுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது? நாம் போட்ட மதிப்பெண்ணிலிருந்துதான் வந்தது. விடைக்குப் பாதி மதிப்பெண் இருக்கட்டும். மீதியை, ரீடிங்குகளை நேரடியாக நோட்டில் பேனாவால் எழுதியிருக்கிறாரா, தவறானதை ஒரே கோட்டால் அடித்துப் பக்கத்தில் காரணம் எழுதியிருக்கிறாரா, விலகிய ரீடிங்குக்கு என்ன விளக்கம் சொல்கிறார் என்பதற்குக் கொடுங்கள். துண்டுச்சீட்டில் எழுதி, பிறகு ரெக்கார்டில் அழகாகப் பெயர்த்தெழுதும் வழக்கத்தை நிறுத்துங்கள். கறை படிந்த அப்சர்வேஷன் நோட்டுதான் உண்மையான ஆவணம்.

பரிசோதனைகளின் எண்ணிக்கையையும் குறைக்கலாம். ஒரு பருவத்தில் பன்னிரண்டுக்குப் பதில் ஏழு போதும். ஆனால் ஒவ்வொன்றையும் இரண்டு வாரம் செய்யட்டும். முதல் வாரம் கையேட்டின்படி. இரண்டாவது வாரம் ஒரு படியை வேண்டுமென்றே மாற்றி: உப்பில்லாமல், தாமதமாகக் கலக்கி, கழுவாத குழாயில். நேரமில்லை, பல்கலைக்கழகம் அனுமதிக்காது என்ற பதில்கள் எனக்குத் தெரியும். பாடத்திட்டக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்களும் நம்மைப் போன்ற ஆசிரியர்கள்தான். எழுதிக் கேட்போம்.

முதலாம் ஆண்டின் முதல் வாரத்துக்கு மட்டும் யாருடைய அனுமதியும் வேண்டாம். மைக்ரோபிப்பெட்டைக் கொடுங்கள். மார்பர்கில் 1957-இல் ஹைன்ரிஷ் ஷ்னிட்கர் என்ற இளம் ஆய்வாளர், கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி அளக்கும் வேலை பொறுக்காமல் செய்த கருவி அது. பொத்தானில் இரண்டு நிறுத்தங்கள் இருக்கின்றன. உறிஞ்சும்போது முதல் நிறுத்தம் வரைதான் அழுத்த வேண்டும். வெளியேற்றும்போது இரண்டாவது வரை. புதிதாகப் பிடிக்கும் கை இரண்டையும் மாற்றிச் செய்து, கேட்டதைவிட அதிகம் எடுத்துவிடும். கண்ணுக்கு அது தெரியாது, தராசுக்குத் தெரியும். ஆயிரம் மைக்ரோலிட்டர் வாலைவடிநீரைப் பத்து முறை எடுத்து, ஒவ்வொரு முறையும் எடை போட்டு எழுதட்டும். நம் ஆய்வக வெப்பம் 30 டிகிரி என்றால் வர வேண்டிய எடை 1.000 அல்ல, 0.996 கிராம், நீரின் அடர்த்தி அங்கே அவ்வளவுதான். அந்த எண்ணை அட்டவணையில் பார்த்து அவர்களே கண்டுபிடிக்கட்டும். சராசரி தள்ளிப் போய், பத்து எடையும் ஒன்றாக இருந்தால் பிப்பெட்டைச் சரிபார்க்க அனுப்புங்கள். சராசரி சரியாக இருந்து எடைகள் சிதறியிருந்தால் கட்டைவிரலுக்கு இன்னும் பழக்கம் வேண்டும். வரும் வாரமே தொடங்குவதாக இருந்தால், முதலாம் ஆண்டு மாணவர்களோடு வந்து தராசின் பக்கத்தில் உட்கார நான் தயார்.